திறந்த அலைவரிசை

அதிகாலை நான்கு பத்து. ரீகா.
டிராம் பணிமனையின் கதவு
பனியில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது.
தோளால் ஓர் இடி.
உள்ளே இருபத்திரண்டு ஓட்டுநர்கள்,
ஒரே ஒரு காபி இயந்திரம்,
அதன் நெற்றியில் நேற்று நான் ஒட்டிய தாள்:
'கோப்பைகளைக் கழுவி வைக்கவும்.
வெல்கா, பணிமுறை மேலாளர்.'
கீழே யாரோ பென்சிலில்:
'தயவுசெய்து என்ற சொல்
கழுவப் போயிருக்கிறது.'

சிரித்தேன்.
சிரித்த பிறகுதான் தெரிந்தது,
கூடச் சிரிக்க யாரும் இல்லை என்று.
கையுறைகளை மாட்டுவதில்
எல்லோருக்கும் திடீரென்று அத்தனை கவனம்.

காரணம் தெரியாமல் இல்லை.
நேற்று மாலை
பத்தாம் எண் ஒன்பது நிமிடம் பிந்தியது.
திரையில் சிவப்பாக ஒரு புள்ளி.
ஒலிவாங்கி கைக்கெட்டும் தூரத்தில்.
"மோத்ரிஸ், தூங்குகிறீர்களா?
உங்களுக்குப் பின்னால் நாலு வண்டி நிற்கிறது."
அவ்வளவுதான்.
ஆனால் அது திறந்த அலைவரிசை.
நகரத்தின் எல்லாத் தடங்களிலும்
எல்லா ஓட்டுநர் இருக்கைகளிலும்
அந்தக் கேள்வி ஒரே நேரத்தில் போய் இறங்கியது,
ஒரு நொடிகூடப் பிந்தாமல்.

அவர் பதில் சொல்லவில்லை.
இரவு, படிவத்தில்,
'காரணம்' என்று போட்டிருக்கும் கட்டத்தில்
(கட்டைவிரல் நகத்தளவு கட்டம்,
அதை வரைந்தவர் டிராம் ஏறியிருக்க மாட்டார்)
எறும்பு எழுத்தில் இருந்தது:
'சக்கர நாற்காலி. சாய்தளம் உறைந்துவிட்டது.
கையால் தூக்கினோம்.'

தூக்கினோம்.
யார் யார்?
அந்தப் பன்மையை விட்டு
வெகுநேரம் என் கண் நகரவில்லை.

தனியே கூப்பிட்டுப் பேசலாம்.
என் அறைக்குக் கதவு உண்டு, ஹீட்டர் உண்டு,
விருந்தாளிக்கென்று ஒரு நல்ல கோப்பையும் உண்டு.
அங்கே குரலைத் தாழ்த்தி
'நேற்று கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்'
என்றால் போதும். அவரும் 'பரவாயில்லை' என்பார்.
பரவாயில்லை என்பவர்களை நான் அறிவேன்.
இருபது வருடம் நானும் அதைச் சொல்லித்தான்
வண்டி ஓட்டினேன்.

தெருவில் கொட்டியதை
வீட்டுக்குள் துடைத்தால் ஆகுமா?

நாலு ஐம்பத்திரண்டு.
முதல் வண்டி புறப்பட மூன்று நிமிடம்.
ஒலிவாங்கியின் பொத்தானுக்கு
நேற்று இவ்வளவு எடை இல்லை.
"எல்லா வண்டிகளுக்கும். வெல்கா பேசுகிறேன்.
நேற்று மோத்ரிஸ் பிந்தவில்லை,
ஒரு பயணியை ஏற்றிக்கொண்டிருந்தார்.
என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டும்,
தூங்குகிறீர்களா என்று கேட்டேன்.
தவறு என்னுடையது. நேரம்..."
அதற்கு மேல் என்ன சொல்ல வந்தேனோ.
"நேரம் நாலு ஐம்பத்திமூன்று."

இரைச்சல். இரைச்சல் மட்டும்.
பிறகு எவரோ பொத்தானை இருமுறை தட்டினார்,
டிக் டிக்.
இன்னொரு தடத்திலிருந்து இன்னொரு டிக்.
கடைசியில் அவர்:
"பத்தாம் எண். கேட்டது.
பாலத்தில் வழுக்கல் அதிகம். பிந்துவேன்."
"பிந்துங்கள்," என்றேன்.

இதோடு முடித்திருந்தால்
என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்
மிஞ்சியிருக்கும்.

ஆனால் அந்தச் சூட்டிலேயே
பணிப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடினேன்,
குந்தேகாவிடம்.
மூன்று வாரமாக ஒரே ஒரு முறைமாற்றம் கேட்டிருந்தார்,
மகளின் காதுப் பரிசோதனைக்கு.
மூன்று முறையும் நான் சொன்னது: பார்க்கலாம்.
(அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு
யார் எதைப் பார்த்திருக்கிறார்கள்?)
"வியாழக்கிழமைதானே? மாற்றித் தருகிறேன்."

அவர் பின்பக்கக் கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.
"வியாழன் நேற்று," என்றார்.
கோபமாகக்கூட இல்லை.
நேர அட்டவணை வாசிப்பதுபோல.

என் கையில் பென்சில்.
"அடுத்த வியாழன்?
இப்போதே, உங்கள் முன்னாலேயே எழுதுகிறேன்."

விளக்குகளைப் போட்டார். மணியை ஒருமுறை அடித்தார்.
தண்டவாளத்து உறைபனி நொறுங்கத் தொடங்க,
மூடும் கதவின் இடுக்கு வழியே சொன்னார்:

"பார்க்கலாம்."